டென்னிஸ் மைதானத்தில் காடு இல்லை

இரண்டாம் உலகப் போரின் களத்தைப் பார்க்க நாகாலாந்தின் கொஹிமாவுக்கு வந்து இறங்கும் தமிழ்ப் பயணியின் கண் முதலில் காட்டைத்தான் தேடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காட்டுப் போர் என்றதும் மனத்தில் ஓடுவது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம். தாய்லாந்தில் நடப்பதாகச் சொல்லி 1957இல் வெளியான அந்தப் படத்தின் காடு இலங்கையின் கித்துள்கலையில் இருக்கிறது. பின்னிக் கிடக்கும் கொடிகள், சட்டை கிழிந்த வெள்ளைக்காரச் சிப்பாய், எங்கிருந்து சுடுகிறான் என்று தெரியாத எதிரி. இந்தச் சித்திரத்தோடு திமாப்பூரில் ஷேர் சுமோவில் ஏறி, மண்சரிவும் சாலைப் பணியும் மாறிமாறி மறிக்கும் 74 கிலோமீட்டரைக் கடந்து மேலே வந்தால், வரவேற்பது ஹார்ன் சத்தமும் சரிவு முழுக்க அடுக்கிவைத்த கான்கிரீட் வீடுகளும்.

ஊருக்கு நடுவே, படிப்படியாக வெட்டிய மலைச்சரிவில் கல்லறைத் தோட்டம். 1,420 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மேல் தட்டுகளில் ஒன்றில் வெள்ளைக் கோடுகளால் ஒரு டென்னிஸ் மைதானம் காட்டப்பட்டிருக்கிறது. நாகா மலை மாவட்டத் துணை ஆணையராக இருந்த சார்லஸ் பாசியின் பங்களாவைச் சேர்ந்த மைதானம் அது. 1944 ஏப்ரலில் அதன் ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, மறுபக்கம் ஜப்பானியர். நடுவே கையெறி குண்டு எறியும் தூரம்தான்.

மைதானத்தின் அகலத்தில் இரண்டு படைகள் வாரக்கணக்கில் எதிரெதிரே கிடந்தன என்பதைக் கேட்பவர்கள் கட்டுக்கதை என்றே நினைப்பார்கள். அது நடந்தது. சினிமாவில் வராததுதான் இங்கே உண்மை. நாம் உண்மை என்று நம்பி வந்தவற்றில் பாதி சினிமா.

1944இல் இந்த மேட்டில் மரங்கள் இருந்தன. பீரங்கிக் குண்டுகள் சில நாட்களிலேயே அவற்றை மொட்டைக் கம்பங்களாக்கிவிட்டன. அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால், ஐரோப்பாவில் முதல் உலகப் போரில் சிதைந்த பதுங்கு குழி வரிசைகள்தான் நினைவுக்கு வரும். ஜப்பானியக் குறிசுடுநர்கள் ஏறி உட்கார்ந்த செர்ரி மரமும் அழிந்துபோனது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்ததுதான் இன்று நிற்கிற மரம் என்று அங்கே ஒரு பலகை சொல்கிறது. ஊரின் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். சிப்பாய்களை வாட்டியது குளிரும் மழையும் தாகமும். தண்ணீர்த் தொட்டிகள் எதிரியிடம் போய்விட்டதால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு தம்ளர்தான் தண்ணீர் கிடைத்தது.

‘15,000 ஜப்பானியரைத் தன்னந்தனியாக 1,500 பேர் தடுத்து நிறுத்தினார்கள்’ என்பது இந்த மேட்டில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். எண்களில் பெரிய பிழை இல்லை. முற்றுகைக்குள் சண்டை போடக்கூடியவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்தான்; ஜெனரல் கொத்தோக்கு சாத்தோவின் 31ஆம் டிவிஷன் அதைவிடப் பல மடங்கு பெரியது. தகராறு ‘தன்னந்தனியாக’ என்ற சொல்லில்தான். கொஹிமாவிலிருந்து திமாப்பூர் பக்கமாகத் திரும்பிப் பார்த்தால் சில கிலோமீட்டர் தள்ளி ஜோட்சோமா மேடு தெரியும். அங்கே நிறுத்தியிருந்த இந்திய மலைப் பீரங்கிகள் முற்றுகைக்காலம் முழுவதும் சுட்டபடியே இருந்தன. உள்ளே இருந்த பீரங்கி அதிகாரிகள் எங்கே குண்டு விழ வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்ல, காவல் படையின் குழிகளுக்குச் சில கஜம் முன்னால் குண்டுகள் வந்து விழுந்தன. அந்தப் பீரங்கிகள் இல்லாவிட்டால் டென்னிஸ் மைதானம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. ஜோட்சோமாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் குறைவு.

இன்னொரு தடுப்பு அதற்கும் முன்னால் நடந்தது. 1941இல் ஷில்லாங்கில் தொடங்கப்பட்ட அஸ்ஸாம் ரெஜிமென்ட்டுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. நாகா, குக்கி, மிசோ, காசி, அஹோம் இளைஞர்கள் சேர்ந்த அந்தப் படை, கொஹிமாவுக்குக் கிழக்கே ஜெஸ்ஸாமியிலும் கராசோமிலும் மார்ச் கடைசி நாட்களில் ஜப்பானியரைத் தாமதப்படுத்தியது. அந்தச் சில நாட்கள் கிடைத்ததால்தான் ராயல் வெஸ்ட் கென்ட் என்ற பிரிட்டிஷ் பட்டாலியன் கடைசி நேரத்தில் கொஹிமாவுக்குள் நுழைய முடிந்தது. இந்த ரெஜிமென்ட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் ‘பத்லூராம் கா பதன்’ பாட்டை யூடியூபில் பார்த்திருக்கலாம். போரில் இறந்துபோன பத்லூராமின் பெயரை ஸ்டோர்காரர் அடிக்காமல் விட்டதால் அவன் பங்கு ரேஷன் வந்துகொண்டே இருந்தது, முற்றுகையில் மற்றவர்கள் அதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள் என்பது ரெஜிமென்ட் சொல்லிக்கொள்ளும் கதை. ஒரு ஆள் ரேஷனில் ஒரு படை பிழைக்காது; அது கணக்கு தெரிந்த யாருக்கும் புரியும். ஆனாலும் எல்லாப் போர்க்கதைகளிலும் இதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு மிக நெருக்கமானது என்பதால் மனம் அதை நம்பவே விரும்புகிறது.

ஏப்ரல் 18இல் பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்கள் முற்றுகையை உடைத்து உள்ளே வந்தார்கள். சண்டை அதோடு முடியவில்லை. டென்னிஸ் மைதானத்தை மீட்டது மே 13. புல்டோசரால் பாதை வெட்டி, ஒரு டாங்கியை மேட்டின் மேலே கொண்டுவந்து, மைதானத்திலேயே இறக்கி, பதுங்கு குழிகளுக்கு நேர் எதிரில் நிறுத்திச் சுட்டார்கள். காட்டிலும் மலையிலும் டாங்கி உதவாது என்பதும் அந்தக் காலத்து நம்பிக்கைதான். ஊருக்குள் சரிவில் உருண்டு நின்ற ஒரு லீ டாங்கி இன்றும் துருப்பிடித்து அதே இடத்தில் கிடக்கிறது.

இந்த நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க, கொஹிமாவிலிருந்து மனத்தளவில் மலேயாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள். தோற்றவர்களுக்கு ஒரு சமாதானம் தேவைப்பட்டது. ஜப்பானியச் சிப்பாய் பிறவியிலேயே காட்டு வீரன், மரத்துக்கு மரம் தாவுவான், ஒரு பிடி சோற்றில் ஒரு வாரம் நடப்பான் என்ற பேச்சு அப்போது பிறந்தது. ஜப்பானில் மழைக்காடு எங்கே இருக்கிறது? அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நெல் விவசாயிகளும் நகரத்துக் கடைப் பையன்களும். தைவானில் உட்கார்ந்து வெப்பமண்டலப் போருக்குப் பாடம் எழுதி, கையேடு அச்சிட்டு, படையோடு அனுப்பியிருந்தார்கள். அவ்வளவுதான் அந்த மந்திரம்.

அவர்கள் மலேயாவில் வேகமாக இறங்கியதும் காட்டு வழியாக அல்ல. பிரிட்டிஷார் போட்ட தார்ச்சாலையில் சைக்கிளில் வந்தார்கள். சாலையை மறித்தால் பக்கவாட்டில் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டார்கள். ‘ஊடுருவ முடியாத காடு’ என்று அறிக்கைகளில் எழுதப்பட்ட சில இடங்களில், தமிழ்த் தொழிலாளர்கள் தினமும் விடியற்காலையில் வரிசை வரிசையாக மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரின் பெரிய பீரங்கிகள் தவறான திசை பார்த்து நின்றன என்பதும் இதே பையிலிருந்து வந்த கதை. அவற்றில் பல நிலத்தின் பக்கம் திரும்பின, சுடவும் செய்தன. கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகளே அதிகம் இருந்ததால், தரையில் வரும் காலாட்படைக்கு எதிராக அவை அவ்வளவாகப் பயன்படவில்லை. மலேயாவில் ஜப்பானியக் கோட்டுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன், 1949இல் வெளியிட்ட தன் நூலுக்குக் காடு நடுநிலையானது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தோற்ற தளபதிகள் எவருக்கும் அந்தத் தலைப்பு ருசித்திருக்காது.

பாடம் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. 1943இல் இந்தியப் படை இரண்டு டிவிஷன்களைப் போர்முனையிலிருந்து விலக்கி, புதிதாக வருகிற சிப்பாய்களுக்குக் காட்டுப் பயிற்சி தருவதற்கென்றே ஒதுக்கியது. 14ஆம் டிவிஷன் சிந்த்வாராவிலும் 39ஆம் டிவிஷன் சஹாரன்பூரிலும் பள்ளி நடத்தின. அவர்களுக்குக் கொடுத்த கையேட்டின் பெயர் ‘தி ஜங்கிள் புக்’. சிந்த்வாராவுக்குப் பக்கத்து மாவட்டம் சிவனி. கிப்ளிங்கின் மௌக்லி வளர்ந்த காடு அதுதான் என்பதைப் பயிற்சியாளர்கள் யாராவது கவனித்துச் சிரித்திருக்க வேண்டும்.

கொஹிமாவிலிருந்து இம்பால் போகும் சாலையில் 12 கிலோமீட்டரில் கிசாமா. டிசம்பரில் ஹார்ன்பில் விழா நடக்கும் அந்தப் பாரம்பரிய கிராமத்துக்குள் போர் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. குண்டு உறைகள், துப்பாக்கிகள், தலைக்கவசங்கள். பார்வையாளர்கள் துப்பாக்கி முன்னால்தான் நிற்பார்கள். ஆனால் இந்தப் போரை முடிவு செய்த பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதென்றால், அங்கே ஒரு மஞ்சள் மாத்திரையும் கொஞ்சம் சணல் துணியும் இருக்க வேண்டும்.

மாத்திரையின் பெயர் மெபாக்ரின். பர்மா முனையில் போரிட்ட பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் பின்னாளில் எழுதிய நூலில் கொடுக்கும் கணக்கு இது: 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள். மலேரியா மட்டுமே ஆண்டுக்கு நூற்றுக்கு 84 பேர் என்ற விகிதத்தில் தாக்கியது. புலி, மலைப்பாம்பு, மறைந்திருக்கும் எதிரி எல்லாம் கொசுவுக்குப் பின்னால்தான். மெபாக்ரின் தினமும் விழுங்கினால் தோல் மஞ்சளாகும். அதைவிட மோசமாக, ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி படை முழுக்கப் பரவியது. பலர் மாத்திரையை வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பினார்கள். ஸ்லிம் சொற்பொழிவு ஆற்றவில்லை. திடீரென்று ஒரு பிரிவைப் பிடித்து எல்லோரையும் பரிசோதிப்பார். மாத்திரை உட்கொண்டவர்கள் நூற்றுக்கு 95க்குக் குறைந்தால் அந்தப் பிரிவின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரைத்தான் நீக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காய்ச்சல்காரரை இந்தியாவின் உட்பகுதிக்கு அனுப்பி மாதக்கணக்கில் இழப்பதை நிறுத்தி, போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே சிகிச்சை முகாம்கள் போட்டார்கள்.

சணல் துணியின் கதை இன்னும் சுவையானது. சாலை துண்டிக்கப்பட்ட படைக்கு வானத்திலிருந்து சோறு போட வேண்டும். அதற்குப் பட்டு பாராசூட்டுகள் கிடைக்கவில்லை. கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களிடம் போய்க் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சணலில் பாராசூட் தயார். வழக்கமான பாராசூட்டின் விலை 20 பவுண்டுக்கு மேல். இதன் விலை ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். மனிதர்களை இறக்க முடியாது, அரிசி மூட்டையை இறக்கலாம். அதே சணலைத் தாரில் ஊறவைத்து விரித்து மழைக்கால விமான ஓடுதளமும் போட்டார்கள்.

மாவ் எல்லையைத் தாண்டினால் மணிப்பூர். 2023 மே மாதம் மூண்ட மோதலுக்குப் பிறகு இந்தச் சாலையில் யார் எதுவரை போகலாம் என்பதை இனம் முடிவு செய்கிறது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் வண்டி நிற்கிறது. காங்போக்பி பக்கத்தில், 109ஆம் மைல்கல் அருகே, 1944 ஜூன் 22இல் கொஹிமாவிலிருந்து இறங்கிய படையும் இம்பாலிலிருந்து ஏறிய படையும் சந்தித்தன. அத்தோடு ஜப்பானியர் இம்பாலைச் சுற்றிப் போட்டிருந்த முற்றுகை முடிந்தது.

இம்பால் பட்டினி கிடந்த கோட்டை என்று நினைத்துக்கொண்டு வருபவருக்கு நகரின் வடக்கே கொய்ரெங்கெய் பழைய விமானத்தளம் பதில் சொல்லும். முற்றுகைக் காலம் முழுக்க விமானங்கள் அரிசியும் குண்டும் ஆளும் இறக்கின, காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. பர்மாவின் அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த 5ஆம் இந்திய டிவிஷனின் பெரும்பகுதியைப் பீரங்கியோடும் கோவேறு கழுதைகளோடும் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். உண்மையில் பட்டினி கிடந்தது முற்றுகை போட்டவர்கள். ஜப்பானியப் படையின் தலைவர் ஜெனரல் முதாகுச்சி தன் ஆட்களை ஏறக்குறைய மூன்று வார உணவோடு அனுப்பினார். தீர்ந்தால் வெட்டிச் சாப்பிட மாட்டு மந்தைகளையும் ஓட்டிவிட்டார். ஆறு கடக்கும்போதும் மலை ஏறும்போதும் மாடுகள் செத்தன. பிறகு பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிடலாம் என்பது திட்டம். சாத்தோ கடைசியில் மேலிடத்து உத்தரவை மீறி, கொஹிமாவிலிருந்து தன் டிவிஷனைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இந்தப் படையெடுப்பில் இறந்த சுமார் 30,000 ஜப்பானியரில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்.

காட்டுப் போரின் நட்சத்திரங்கள் என்றால் சிண்டிட்டுகள். பர்மியக் கோயில் வாசல் சிங்கத்தின் பெயரைச் சூடிக்கொண்டு, ஓர்ட் விங்கேட் தலைமையில் 1943 பிப்ரவரியில் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போன 3,000 பேர். பொறுக்கி எடுத்த சூரர்கள் என்று அன்றைய லண்டன் பத்திரிகைகள் எழுதின. அதில் முக்கியமான பிரிட்டிஷ் பட்டாலியன் லிவர்பூலைச் சேர்ந்தது. இங்கிலாந்துக் கடற்கரைக் காவலுக்கென்று திரட்டப்பட்ட ஆட்கள், பலர் முப்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள். கூர்க்காக்களும் பர்மா ரைபிள்ஸும் அவர்களோடு இருந்தார்கள். சத்தம் போடாமல் இருக்கச் சிண்டிட்டுகள் தங்கள் கோவேறு கழுதைகளின் குரல் நாண்களை வெட்டினார்கள் என்பது நம்ப முடியாததுபோல் தோன்றினாலும் உண்மை. போனவர்களில் திரும்பியது சுமார் 2,200 பேர். திரும்பியவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் பிறகு சண்டைக்குத் தகுதியற்றவர்களானார்கள். விங்கேட் 1944 மார்ச் 24இல் இம்பாலிலிருந்து பறந்தபோது மணிப்பூர் மலையில் விமானம் மோதி இறந்தார். உடல்களைப் பிரித்தறிய முடியவில்லை, கூட இறந்தவர்களில் அமெரிக்கர்கள் அதிகம் என்பதால், இந்தப் பிரிட்டிஷ் தளபதியின் கல்லறை இன்று அமெரிக்காவின் ஆர்லிங்டனில் இருக்கிறது.

முதலைக் கதையைச் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னிக்க மாட்டார். 1945 தொடக்கத்தில் 26ஆம் இந்திய டிவிஷன் பர்மாவின் ராம்ரீ தீவைப் பிடித்தபோது, சதுப்புக்குள் ஓடிய ஆயிரம் ஜப்பானியரை ஒரே இரவில் முதலைகள் தின்றன, மிஞ்சியது இருபது பேர் என்பது கதை. சாதனைப் புத்தகத்தில்கூட ஏறியது. ஜப்பானியத் தரப்பின் கணக்குப்படி ஏறக்குறைய 500 பேர் தப்பித்துப் பெருநிலத்துக்குப் போனார்கள். தீவின் முதியவர்களை விசாரித்த விலங்கியலாளர்கள், முதலைக்கு இரையானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற முடிவுக்கே வந்தார்கள். மற்றவர்களைக் கொன்றது தாகமும் நோயும் துப்பாக்கியும் கடலும். அவ்வளவு முதலைகள் அந்தச் சதுப்பில் மற்ற நாட்களில் எதைத் தின்று வாழ்ந்தன என்று கேட்டிருந்தாலே கதை நின்றிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பொய் ஆட்களைப் பற்றியது. 1945இல் ஹாலிவுட்டில் எரால் ஃபிளின் நடித்து ‘அப்ஜெக்டிவ், பர்மா!’ வந்தது. கலிபோர்னியாவில் எடுத்த பர்மாவில் அமெரிக்க பாராசூட் வீரர்களே எல்லாவற்றையும் செய்தார்கள். பிரிட்டனில் கோபம் கிளம்பி, படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1952 வரை அங்கே அது திரும்பி வரவில்லை. கோபப்பட்ட பிரிட்டிஷார் தங்கள் பங்குக்கு ஒன்றை மறந்தார்கள். உச்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இருந்த பதினான்காம் படையில் பெரும்பான்மை இந்தியர்கள். கலடான் பள்ளத்தாக்கில் தலைச்சுமையாகத் தளவாடம் தூக்கி நடந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கர்கள். 1944 மழைக்காலத்தில், மலேரியாவுக்குப் பேர்போன கபாவ் பள்ளத்தாக்கு வழியாக ஜப்பானியரை விரட்டிச் சென்றது 11ஆம் கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன். காயம்பட்டவர்களைச் சுமந்ததும் வழி காட்டியதும் நாகா கிராமத்தார்.

தமிழர்களும் உண்டு. பாலம் கட்டி, கண்ணிவெடி எடுத்து, சாலை போட்ட மதராஸ் சப்பர்ஸ் வீரர்களைப் படையில் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்கள். இன்றும் அதே பெயர்தான். மதராஸ் காலாட்படையை, தெற்கத்தியர் போர்க்குணம் இல்லாதவர்கள் என்ற கொள்கையில் 1920களில் கலைத்திருந்தார்கள். போர் வந்ததும் திரும்ப எழுப்பி பர்மாவுக்கு அனுப்பினார்கள். இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14 அன்று கொடியேற்றிய இந்திய தேசிய ராணுவம் எதிர்த்தரப்பு. அதற்கு மலேயாத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பெயர் கொடுத்தார்கள். அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்னால், 1942இல், பர்மாவிலிருந்து நடந்தே வந்த லட்சக்கணக்கான இந்திய அகதிகளில் பலர் தாமு வழியாக இதே மலைகளை ஏறினார்கள்; வழியில் விழுந்தவர்களின் கணக்கு எவரிடமும் இல்லை. அவர்களுக்கு முகாம் போட்டதிலும், பின்னர் டாங்கிகள் போன சாலையை வெட்டியதிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளின் கை இருந்தது.

இம்பாலில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். சுற்றுலா வண்டிகள் நிற்பது தேவலாலாண்டில், பூச்செடிகளுக்கு நடுவே பிரிட்டிஷ் பெயர்கள் நிறைந்த முதலாவதில். ஹட்டாவில் இருப்பது இந்தியப் படையின் கல்லறைத் தோட்டம். 1944 ஏப்ரல் 6 அன்று நகருக்கு வடக்கே ஒரு குன்றை மீட்கும்போது இறந்து, விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் அங்கேதான் கிடக்கிறார். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்குத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. கொஹிமாவிலும் மேல்தட்டில் அப்படி ஒன்று உண்டு, 917 பெயர்களோடு. டென்னிஸ் கோடுகளைப் படமெடுத்துவிட்டு இறங்குபவர்கள் அதைத் தாண்டியே போகிறார்கள். இம்பால் போகிறவர்கள் ஹட்டாவுக்கும் ஒரு ஆட்டோ பிடியுங்கள். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, அரைமணி நேரம் போதும்.